பத்து வயதுப் பிள்ளைக்கு 500 வெள்ளி ரேசிங் சூட் வேண்டுமா?

சிங்கப்பூரில் தேசிய வயதுப் பிரிவு நீச்சல் போட்டியும் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளும் நெருங்க ஆரம்பித்தால் குளத்தோரப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள் பேசுவது ஒரே விஷயம்தான். எந்த சூட், எங்கே வாங்கினீங்க, எவ்வளவு ஆச்சு. மகள் கிளப்பில் சேர்ந்த புதிதில் நான் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டதால் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். அண்மையில் ஒரு தம்பி, மகன் தொடக்கநிலை 4, "அக்கா, இவன் கூட நீந்துற பையன் 500 வெள்ளி சூட் போட்டுட்டு வர்றான், நாமளும் வாங்கித் தரலைன்னா இவன் பின்தங்கிடுவானோன்னு பயமா இருக்கு" என்றார். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைக்கு ஒன்றும் குறை வைக்கக் கூடாது என்று நினைக்கிற எந்த அப்பா அம்மாவுக்கும் வருகிற பயம் அது. அவருக்கு அங்கே நின்றபடி சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

வேண்டாம். பன்னிரண்டு வயது வரை டெக் சூட், அதாவது அந்த 500 வெள்ளி ரக ரேசிங் சூட், வேண்டவே வேண்டாம். அளவு கச்சிதமாகப் பொருந்துகிற, தையல் போட்ட சாதாரண ரேசிங் சூட் ஒன்று நல்லதாக வாங்குங்கள், அதற்கு அதில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாது. மிச்சப் பணத்தை நல்ல நீச்சல் கண்ணாடிக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டெக் சூட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் முழங்கால் வரை வருவதெல்லாம் டெக் சூட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பிள்ளைகள் தினமும் போடுகிற சூட் பின்னல் துணி, நாலா பக்கமும் இழுபடும், ஓரங்களில் நூல் தையல் இருக்கும். டெக் சூட் நெய்த துணி. மெல்லியதாக, விறைப்பாக, தொட்டால் காகிதம் மாதிரிச் சரசரக்கும், மேலே தண்ணீர் ஒட்டாத பூச்சு இருக்கும், தையலுக்குப் பதிலாகத் துணியின் ஓரங்களை ஒட்டியிருப்பார்கள். போட்டால் உடம்பை இறுக்கிப் பிடிக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி, அதனால் அதைக் கிழித்துக்கொண்டு போகும்போது உடம்பின் சதை ஆடுவதும் இடுப்பு தாழ்ந்துபோவதும் துணி தண்ணீரைக் குடித்து கனப்பதும் எல்லாமே நேரத்தைத் தின்னும். டெக் சூட் இந்த மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கிறது. நன்றாக வளர்ந்த, தசை வைத்த, ஏற்கனவே நுட்பம் கைவந்த வீரருக்கு அந்தக் கொஞ்சம் பெரிய விஷயம். நொடியில் நூறில் ஒரு பங்கில் தங்கம் கைமாறுகிற விளையாட்டு இது.

எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சரித்திரமே இருக்கிறது. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்இசட்ஆர் ரேசர் என்ற சூட்டைக் கொண்டுவந்தது, அதன் துணியைச் சோதிக்க நாசாவின் காற்றுச் சுரங்கம்வரை போனார்கள். அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சாதனைகள் வரிசையாக விழுந்தன. அடுத்த ஆண்டு மற்ற நிறுவனங்கள் பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரிப் பொருளால் ஆன முழு உடம்பு சூட்டுகளோடு வந்தன, 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள். நீந்துகிறவர் யார், சூட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைமை. அதனால்தான் 2010 ஜனவரி 1 முதல் விதி மாறியது: துணி மட்டும்தான், ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை, ஜிப் கூடாது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சூட்தான். ரோமில் ஜெர்மனியின் பால் பீடர்மான் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வைத்த 3:40.07 என்ற சாதனையைத் துணி சூட்டில் ஒருவர் உடைக்க 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. லூக்காஸ் மார்ட்டென்ஸ், அவரும் ஜெர்மானியர்தான், 3:39.96. அதே ஆண்டு நம் ஊரில் நடந்த உலகப் போட்டியில் அதே 400 மீட்டரில் தங்கமும் வாங்கினார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது நம்முடையது. 2008 பெய்ஜிங்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.58 நொடியில் ஒலிம்பிக் சாதனை வைத்தார், அது எல்இசட்ஆர் காலம். எட்டு வருடம் கழித்து ரியோவில், இடுப்பிலிருந்து முழங்கால் வரை மட்டும் வருகிற ஜாமர் என்கிற துணி சூட்டில், நம் ஜோசஃப் ஸ்கூலிங் 50.39 நொடியில் முடித்து அந்தச் சாதனையை உடைத்தார். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம். ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் லெ குளோஸ், ஹங்கேரியின் செஹ் மூவரும் 51.14 என்று ஒரே நேரத்தில் முடித்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் காலை நேரத்தில் தொலைக்காட்சி முன்னால் கத்தியவர்கள் யாரும் அவர் என்ன சூட் போட்டிருந்தார் என்று பார்த்திருக்க மாட்டோம்.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். பத்து வயதுப் பிள்ளையின் உடம்பில் இறுக்கிப் பிடிப்பதற்குப் பெரிதாகத் தசை கிடையாது. அந்த வயதில் நேரம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் பந்தயத்தைப் பார்க்கும்போது நீந்துவதைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். திரும்பும்போது கால் சுவரில் பட்டு, தள்ளிவிட்டு, கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காதோடு சேர்த்து அம்பாகப் போக வேண்டும். பாதிப் பிள்ளைகள் தள்ளிய உடனே தலையைத் தூக்கி மூச்சு வாங்குகிறார்கள். விதி 15 மீட்டர் வரை தண்ணீருக்கு அடியில் போக விடுகிறது, நம் பிள்ளைகள் நாலைந்து மீட்டரில் மேலே வந்துவிடுகிறார்கள். அந்த ஒரு திருப்பத்தில் போகிற நேரத்தை எந்தத் துணியும் திருப்பித் தராது. எங்கள் கோச் ஒரு காலைப் பயிற்சி முழுக்க நீச்சலே இல்லாமல் தள்ளிவிட்டு மிதப்பதை மட்டும் செய்ய வைத்தார், அடுத்த போட்டியில் என் மகளுக்கு 50 மீட்டரில் கிடைத்த முன்னேற்றம் எங்கள் எல்லாருக்கும் ஆச்சரியம். அவள் அன்று போட்டிருந்தது தினசரிப் பயிற்சி சூட்.

அமெரிக்க நீச்சல் அமைப்பு இதை 2020 செப்டம்பரிலிருந்து விதியாகவே கொண்டுவந்துவிட்டது. அவர்களுடைய போட்டிகளில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் டெக் சூட் போடக் கூடாது. எது டெக் சூட் என்று அவர்கள் சொல்கிற விளக்கம் கடையில் நிற்கும் பெற்றோருக்கு ரொம்பவும் உதவும்: ஓரம் ஒட்டப்பட்டிருந்தால் அது டெக் சூட், அது எந்தத் துணியானாலும் எந்த வடிவமானாலும் சரி; நெய்த துணி இடுப்புக்குக் கீழே இறங்கினால் அதுவும் டெக் சூட். பின்னல் துணியில் நூல் தையல் போட்டு முழங்கால் வரை வருவது தாராளமாகப் போடலாம். கடையில் சூட்டை உள்பக்கம் திருப்பி ஓரத்தைத் தடவிப் பாருங்கள், துணி பின்னலாக இருந்து நூலும் விரலில் தட்டுப்பட்டால் பிள்ளைக்கு ஏற்றது. இங்கே நீங்கள் பதிவு செய்கிற போட்டிக்கு என்ன விதி என்பதைப் போட்டி அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் ஒருவர் கேட்டார், "அப்ப அந்தச் சீனப் பொண்ணு?" யூ ஸிடியைச் சொல்கிறார். 2025இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் பன்னிரண்டே வயதில் மூன்று தனிப் பந்தயங்களில் நான்காவதாக வந்து, தொடர் நீச்சல் குழுவோடு வெண்கலமும் வாங்கிக்கொண்டு போன பிள்ளை. அதைப் பார்க்க நானும் மகளும் வாய் பிளந்துதான் உட்கார்ந்திருந்தோம். ஆனால் உலகப் போட்டிக்குத் தகுதி பெறுகிற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை அவளுடைய தேசியப் பயிற்றுநர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் பேசுவது சனிக்கிழமை காலையில் தூக்கக் கண்ணோடு குளத்துக்கு வருகிற நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற காரணம் ஒன்று உண்டு. டெக் சூட் போடுவது வலிக்கும். அதுவும் பத்து பதினொரு வயதுப் பெண் பிள்ளை, உடம்பு மாற ஆரம்பிக்கிற வயது, அவளை ஈரத் தரையில் நிற்க வைத்து அம்மா ஒரு பக்கம் தோழியின் அம்மா ஒரு பக்கமாகத் துணியை இழுத்து இழுத்து ஏற்றுவதை உடைமாற்றும் அறையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அழுதாள். பந்தயத்துக்கு முன்னாலேயே களைத்துப்போய், கண் சிவந்து தொடக்க மேடைக்குப் போனாள். அப்புறம் நேரம் குறையவில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? இவ்வளவு விலையுள்ள சூட் போட்டும் எனக்கு வரவில்லை என்றுதான். அந்தப் பாரத்தை அந்த வயதில் ஏற்றக் கூடாது. அதே குழுவில் டாக்சி ஓட்டுகிறவரின் பிள்ளையும் நீந்துகிறது, அதன் மனத்தையும் நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் மாமியாருக்கு வேறு கவலை இருந்தது. இடுப்போடு நிற்கிற சூட்டில் பேத்தி அத்தனை பேர் முன்னால் நிற்பது அவருக்குச் சங்கடம். "கொஞ்சம் கீழ வரைக்கும் வர்ற மாதிரி இல்லையாம்மா?" என்று கேட்டார். இருக்கிறது அத்தை என்று பின்னல் துணியில் முழங்கால் வரை வருவதை வாங்கிக் காட்டினேன், அவருக்கும் நிம்மதி, மகளுக்கும் அதில்தான் தன்னம்பிக்கை. நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் பெரியவளானதும் நீச்சலை விட்டுவிடுவதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம், அதனால் இதை அற்பம் என்று ஒதுக்காமல் பிள்ளையிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து பேசி, விதிக்குள் எது எல்லாருக்கும் ஒத்துவருகிறதோ அதை வாங்கித் தாருங்கள்.

இனி அளவு. இதில்தான் நாம் பெரிய தவறு செய்கிறோம், வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிறோம். பள்ளிச் சீருடைக்கு அது சரி. நீச்சலுடைக்கு ஆகாது. கழுத்துப் பக்கம் தொளதொளவென்று இருந்தால் மேடையிலிருந்து குதித்த உடனே தண்ணீர் உள்ளே புகுந்து வயிற்றுப் பக்கம் குடம் மாதிரி நிரம்பிவிடும், பிள்ளை அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் அக்கரைக்குப் போக வேண்டும். இடுப்புச் சுற்றளவை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு தோளின் மேலிருந்து டேப்பை முன்பக்கமாக இறக்கி, கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொண்டுவந்து அதே தோளில் முடியுங்கள். உடம்பு நீளம் அதுதான். பெண் பிள்ளைகளுக்கு, அதுவும் ஒல்லியாக உயரமாக இருக்கும் பிள்ளைகளுக்கு, இந்த ஒரு அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரீனா, ஸ்பீடோ, மிசுனோ, டயர் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும், ஒன்றில் 26 என்றால் இன்னொன்றிலும் 26 என்று நம்ப வேண்டாம்.

போட்டுப் பார்க்கும்போது பிள்ளையை நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே சேர்த்து நீட்டச் சொல்லுங்கள். மேல் கை காதைத் தொடும் முன்னால் தோள்பட்டை வார் இழுத்துப் பிடித்தால் சூட் குட்டை. கீழ் முதுகில் துணியைக் கிள்ளி மடிப்பாகத் தூக்க முடிந்தால் பெரிது. முழங்காலை மடக்கிக் குந்தச் சொல்லுங்கள், தொடை ஓரத்தில் இடைவெளி விழக் கூடாது. மார்பு நீச்சல் நீந்துகிற பிள்ளையானால் தவளைக் கால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கடையில் மற்றவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். கழற்றியபின் தோளில் சிவப்புக் கோடு இருந்தால் பரவாயில்லை, விரல் மரத்துப்போனால் அந்த அளவு வேண்டாம். குவீன்ஸ்வே கடைத்தொகுதியிலோ நொவீனா பக்கமோ நேரில் போய் எடுப்பது நல்லது. இணையத்தில் பாதி விலைக்கு வருகிறவற்றில் போலியும் கலந்திருக்கிறது.

பிள்ளைக்குப் பதின்மூன்று பதினான்கு வயதாகி, உடம்பும் வளர்ந்து, கோச்சும் இப்போது வாங்கலாம் என்று சொன்னால் அப்போது டெக் சூட் வாங்குங்கள், நானும் அப்படித்தான் வாங்கினேன். அப்போதும் உச்சத்தில் இருப்பது வேண்டாம், ஒவ்வொரு நிறுவனமும் தொடக்க நிலைக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. 50, 100 மீட்டர் வேக நீச்சல்காரர்களுக்கு விறைப்பானது பிடிக்கும், 200, 400 நீந்துகிறவர்களுக்கும் நான்கு வகை நீச்சலையும் ஒரே பந்தயத்தில் நீந்துகிற மெட்லிக்காரர்களுக்கும் கொஞ்சம் நெகிழ்வானது. மிசுனோவின் ஜிஎக்ஸ் சோனிக்கில் எஸ்டி என்று ஒன்று, எம்ஆர் என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான், முன்னது குறுந்தொலைவுக்கு, பின்னது பல வகைப் பந்தயங்களுக்கு. பெண்களுக்கு முதுகு திறந்தது, மூடியது என்று இரண்டு உண்டு. திறந்ததில் தோள் அசைவு சுலபம், என் மகள் அதைத்தான் விரும்புகிறாள்.

பின்பக்கம் உலக நீர் விளையாட்டு அமைப்பின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். பழைய தயாரிப்புகளில் ஃபினா என்று இருக்கும், அது அந்த அமைப்பின் முந்தைய பெயர். சூட் மட்டுமில்லை, கண்ணாடியும் தொப்பியும்கூட. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பதினேழு வயது ஸ்கூலிங் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சிக்கு இறங்கப் போகிற நேரத்தில் அவருடைய கண்ணாடியும் தொப்பியும் அங்கீகரிக்கப்பட்டவை அல்ல என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டு நீந்தினார், அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. ஒலிம்பிக் வரை போனவருக்கே இது நடந்திருக்கிறது, நாம் முந்தின நாள் இரவே பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

போட்டி நாளில் ஓசிபிசி நீர் விளையாட்டு நிலையத்தின் உடைமாற்றும் அறை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கூட்டம், ஈரம், புழுக்கம். வியர்த்த தோலில் டெக் சூட் ஏறவே ஏறாது. பயிற்சி சூட்டில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு வந்ததும் மகளை நன்றாகத் துடைத்துக் கொஞ்ச நேரம் குளிர்சாதனக் காற்றில் உட்கார வைத்துவிடுவேன். பிறகு பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் காலை உள்ளே விட்டால் துணி வழுக்கிக்கொண்டு போகும். பையை உருவிவிட்டு, முழங்காலுக்குச் சற்று மேலே ஓரத்தை நிறுத்தி, அங்கிருந்து விரல் நுனியின் சதைப் பகுதியால் மட்டும் சின்னச் சின்ன மடிப்பாகத் துணியைப் பிடித்து மேலே தள்ள வேண்டும், நகம் படவே கூடாது. இரண்டு தொடையும் முழுசாக ஏறின பிறகுதான் இடுப்பு, இடுப்பு சரியாக உட்கார்ந்த பிறகுதான் தோள். முதல் தடவை கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், அதனால் முதல் தடவையைப் போட்டி நாளில் வைத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே ஒரு முறை போட்டுப் பழகிவிடுங்கள். அன்றைக்குக் காலையில் உடம்பில் எண்ணெய், லோஷன் எதுவும் தடவ வேண்டாம். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்புகிற பழக்கம் உள்ளவர்கள் அந்த ஒரு நாள் விட்டுவிடுங்கள், எண்ணெய் தண்ணீர் ஒட்டாத பூச்சைக் கெடுக்கும், லேடெக்ஸ் தொப்பியையும் கெடுக்கும். பையில் இன்னொரு சூட் எப்போதும் இருக்கட்டும், ஓரம் பிளந்துவிட்டால் தைக்க அங்கே நேரம் இருக்காது.

பந்தயம் முடிந்ததும் கழற்றிக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும். வீவக அடுக்குமாடி வீட்டில் மூங்கில் கழியில் மாட்டி வெயிலில் நீட்டிவிடுகிறோமே, அது இந்தத் துணிக்கு ஆகவே ஆகாது, வீட்டுக்குள்ளே நிழலில் விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு பையில் மறந்துபோய் மறுநாள் எடுப்பதும் அப்படித்தான், குளோரினும் சூடும் சேர்ந்தால் துணியின் மீள்தன்மை போய்விடும். பெற்றோர் குழுக்களில் பழைய டெக் சூட் விற்பனைக்கு வரும், வாங்குவதற்கு முன்னால் அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், விரல் நிழல் தெரிகிற அளவுக்குத் துணி மெலிந்திருந்தாலோ, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடாமல் ஊறிப்போனாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.